ஒரே தட்டு, நான்கு கருத்து: உணவகத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஒரே மேசையில் சாப்பிட்ட நான்கு வாடிக்கையாளர்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மெடிட்டரேனியன் உணவகக் குழுமம்

பொருள்: உங்கள் கிளைகளில் ஒரே பெயரில் வரும் உணவு வேளைக்கு வேளை, தட்டுக்குத் தட்டு மாறுவது குறித்தும், எள் பற்றிய தவறான தகவல் குறித்தும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முன்பு நாங்கள் அனுப்பிய புகாருக்கு, "சுவை என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது, எல்லோரையும் ஒரே மாதிரி திருப்திப்படுத்த இயலாது" என்று பதில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. கொண்டைக்கடலையையும் எள் விழுதையும் அரைத்துச் செய்யும் உங்கள் ஹம்முஸை வெண்ணெய்போல இருக்கிறது என்று ஒருவர் புகழ்கிறார், நறநறவென்று இருக்கிறது என்று இன்னொருவர் தட்டைத் தள்ளிவைக்கிறார். இருவருமே உள்ளதைத்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வந்தவை இரண்டு வேறு ஹம்முஸ்கள். எங்கள் குறை சுவையைப் பற்றியதல்ல, பதத்தைப் பற்றியது. பதத்தை அளக்கலாம், திருத்தலாம்.

நாக்குக்கு நாக்கு உண்மையிலேயே வேறுபடுபவை சில உண்டு, அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறோம். கொத்தமல்லித்தழை சிலருக்குச் சோப்பு மாதிரி மணக்கும். அதிலுள்ள ஆல்டிஹைடுகள் என்ற வாசனைச் சேர்மங்களை உணரும் திறன் மரபணுவால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. செம்மறிப் பால் சீஸின் கார வாசனை பழகாதவருக்குப் பிடிக்காது. தலையோடு வரும் மீன் சிலருக்கு விருந்து, சிலருக்குச் சங்கடம். இவற்றைச் சொல்லி உங்களைக் குறைகூறுபவருக்கு நீங்கள் எழுதிய பதில் பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது.

ஆலிவ் எண்ணெயிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் உங்கள் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் மேல் அது விழுகிறது. அது தொண்டையில் சுர்ரென்று ஏறுவதாகவும் கசப்பதாகவும் சிலர் புகார் சொல்கிறார்கள், உங்கள் பரிமாறுநர்களும் மன்னிப்புக் கேட்டு வேறு புட்டி கொண்டுவருகிறார்கள். இது தேவையில்லாத மன்னிப்பு. சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் சுவைத்தேர்வு முறையில் பழவாசனை, கசப்பு, காரம் மூன்றுமே நற்குணங்கள். அந்தக் காரத்தைத் தருவது ஓலியோகாந்தல் என்ற சேர்மம், புதிதாகப் பிழிந்த நல்ல எண்ணெயில்தான் அது நிறைய இருக்கும். எக்ஸ்ட்ரா வர்ஜின் எனப்படும் முதல்தரம் என்று சொல்ல அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சுவைத்தேர்வில் எந்தக் குறையும் தென்படக் கூடாது. உங்கள் மேசைகளில் இருக்கும் எண்ணெயில் தென்படுகிற குறை காறல். பழைய கொட்டைப்பருப்பும் மெழுகும் கலந்த வாடை அது. காரணம் கண்ணெதிரே இருக்கிறது: நிறமற்ற கண்ணாடிப் புட்டி, மூடியில்லாத ஊற்றுவாய், நேர்மேலே விளக்கு. ஒளியும் சூடும் காற்றும் எண்ணெயைக் கெடுக்கும் மூன்று வழிகள், மூன்றையும் ஒரே இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். தீர்ந்த புட்டியில் அடியில் மிச்சமிருக்கும் பழைய எண்ணெயோடு புதியதை ஊற்றி நிரப்பினால் புதியதும் விரைவில் கெடும். ஸ்பெயின் 2014 தொடக்கத்திலிருந்து உணவகங்களில் திரும்ப நிரப்பும் எண்ணெய்ப் புட்டிகளுக்குத் தடை விதித்திருக்கிறது. அடர்நிறச் சிறு புட்டி, திறந்த தேதி எழுதிய சீட்டு, ஓரிரு மாதத்துக்குள் காலி செய்வது, இவ்வளவுதான் தேவை.

இனி ஹம்முஸ். உங்கள் ஒரு கிளையில் அருமையாகவும் இன்னொன்றில் மணல்போலவும் இருப்பதற்குச் சமையல்காரரின் கைமட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, தண்ணீரும் காரணமாகலாம். கடினநீரில் உள்ள கால்சியம் கொண்டைக்கடலைத் தோலிலுள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளை இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் தோல் குழையாது. அரைக்கும்போது அந்தத் தோல் துணுக்குகளாகப் பிரிந்து பல்லில் நறநறக்கும். ஒரே செய்முறைத் தாளை எல்லாக் கிளைக்கும் அனுப்பிவிட்டால் மட்டும் போதாது என்பது இதனால்தான். கடினநீர் வரும் கிளையில் வடிகட்டிய நீரில் ஊறவைக்க வேண்டும். 250 கிராம் உலர்ந்த கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்துச் சில நிமிடம் வதக்கி, அதன் பிறகு நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் காரத்தன்மையில் பெக்டின் கரைந்து தோல் நெகிழும். சோடா கூடினால் சோப்புச் சுவை தட்டும். வெந்ததை வடித்து அலசாமல் விட்டாலும் அப்படித்தான். எலுமிச்சைச் சாற்றை வேகும்போதே சேர்த்துவிட்டால் அமிலம் எதிர்வேலை செய்து கடலையை மறுபடி இறுக்கிவிடும். விரலிடுக்கில் நசுக்கினால் தடையில்லாமல் குழைய வேண்டும், அதுவரை இறக்கக் கூடாது.

அடுத்தது தஹினி என்ற எள் விழுது. அந்த 250 கிராம் கடலை வெந்தபின் ஏறக்குறைய 600 கிராம் ஆகும், அதற்கு 200 கிராமுக்குக் குறையாமல் தஹினி வேண்டும். உங்கள் இரவுநேர ஹம்முஸில் எள்ளின் மணமே எழவில்லை, எலுமிச்சைதான் முன்னால் நிற்கிறது. தஹினியைக் குறைத்து நீரைக் கூட்டியதாக நாங்கள் கருதுகிறோம். பூண்டும் அதே கதை. பூண்டை எலுமிச்சைச் சாற்றிலேயே நசுக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் அதன் நெடியை உண்டாக்கும் நொதி அமிலத்தில் அடங்கிவிடும். அப்படிச் செய்யாமல் அரைத்து, முந்தைய நாளே குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் இரவு பூண்டு மட்டும்தான் நாக்கில் நிற்கும், மாவும் இறுகிக் களியாகிவிடும். மதியம் சாப்பிட்டவர் புகழ்வதற்கும் இரவு வந்தவர் முகம் சுளிப்பதற்கும் இடையிலுள்ள தூரம் இந்தச் சில மணி நேரம்தான். குளிர்பெட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் ஹம்முஸில் உப்பும் மணமும் மந்தப்பட்டிருக்கும். அரை மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும்.

ஆக்டோபஸ் தட்டில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரே தட்டிலிருந்து எடுத்த இரண்டு பேரில் ஒருவர் மிருது என்றார், மற்றவர் ரப்பர் என்றார். கரத்தின் அடிப்பாகம் கட்டைவிரலைவிடத் தடிமன், நுனியோ பென்சிலைவிட மெல்லியது. இரண்டையும் ஒரே நெருப்பில் ஒரே நேரம் வாட்டினால் அடிப்பாகம் சரியாக இருக்கும்போது நுனி வறண்டு கயிறாகிவிடும். நுனியைத் தனியே நறுக்கி, கடைசி அரை நிமிடத்தில் நெருப்பில் போட வேண்டும். அதற்கும் முன்னே வேகவைப்பில் பிழை இருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஆக்டோபஸைத் தளதளவென்று கொதிக்கவிடாமல், 85 முதல் 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் தசையை இறுக்கும் கொலாஜன் புரதம் மிருதுவான ஜெலட்டினாக இளகும். கடிகாரத்தை நம்பி இறக்கக் கூடாது, கரத்தின் தடித்த இடத்தில் குச்சி தடையின்றி இறங்குகிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். வெந்த நீரிலேயே வெதுவெதுப்பாகும்வரை விட்டு, எடுத்து, ஈரம் போகத் துடைத்துக் காயவைக்காமல் கம்பிவலையில் போட்டால் தோல் கருகுவதற்குப் பதிலாக ஆவியில் அவியும். உங்கள் தட்டில் கருகல் வாசனை இல்லாமல் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது இதனாலேயே.

மீனைப் பற்றி. உங்கள் பட்டியலில் லாவ்ராகி என்று ஓரிடத்திலும் பிரான்சினோ என்று வேறோரிடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஐரோப்பிய கடல் பாஸ்தான், முன்னது கிரேக்கப் பெயர், பின்னது இத்தாலியப் பெயர். இரண்டையும் வரவழைத்து ஒப்பிட்டு, எது மேல் என்று வாதாடும் மேசைகள் உங்களிடம் உண்டு. ஆனால் அந்த வாதத்துக்கும் ஓர் அடிப்படை இருக்கலாம். பண்ணை மீனில் கொழுப்பு அதிகம், நெருப்பில் ஒரு நிமிடம் கூடினாலும் தாங்கும். கடலில் பிடித்த மீன் கொழுப்பு குறைந்தது, அதே நேரத்தில் வறண்டு நார்நாராகிவிடும். எது எந்த வகை என்று பட்டியலும் சொல்லவில்லை, கேட்டால் பரிமாறுநரும் சொல்லவில்லை. முள்ளருகே வெப்பம் 55 டிகிரி வந்ததும் எடுத்தால் ஓய்விலேயே இன்னும் சில டிகிரி ஏறும். எடுத்த மீனை மற்றத் தட்டுகள் தயாராகும்வரை வெப்ப விளக்கின் கீழ் வைக்கிறீர்கள். 65-ஐத் தாண்டியபின் எந்த எலுமிச்சையும் எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது. நால்வருக்கு நான்கு மீன் ஒரே நேரத்தில் போக வேண்டுமென்றால் நெருப்பில் வைக்கும் நேரத்தைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாட்டித் தரும் ஹலூமி சீஸ் சூடாக வந்தால் மிருது, மேசையில் ஐந்து நிமிடம் கிடந்தால் செருப்புத்தோல். அதைக் கடைசியாகச் சமைத்து முதலில் பரிமாறுங்கள். பாபா கனூஷ் நீர்விட்டுக்கொண்டு வந்தது, சுட்ட கத்தரிக்காயின் சதையை வடிதட்டில் இருபது நிமிடமாவது போடவில்லை என்று பொருள். பொரித்த கடலை உருண்டையான ஃபலாஃபலின் உட்புறம் பிசைந்த மாவாக இருந்தது. ஊறிய பச்சைக் கடலையை அரைக்காமல் வெந்த கடலையை அரைத்தால் அப்படித்தான் வரும். ஃபத்தூஷ் சாலட்டில் ரொட்டித் துண்டுகள் சொதசொதவென்று ஊறியிருந்தன.

ஃபெட்டா சீஸை மட்டும் இப்படிக் கடந்துபோக முடியாது. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபெட்டா பாதுகாக்கப்பட்ட பெயர். கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில், குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பாலும் மிச்சத்துக்கு வெள்ளாட்டுப் பாலும் சேர்த்து, இரண்டு மாதமாவது பக்குவப்படுத்தியது. எங்களுக்கு ஒருமுறை வந்தது உதிரும், புளிப்பும் காரமும் உள்ள சீஸ். அடுத்த முறை வந்தது வழவழப்பான, உப்பு மட்டுமே தெரியும் வெள்ளைக்கட்டி, பசும்பால் சீஸின் இயல்பு அது. பசும்பால் சீஸ் போடுவது குற்றமில்லை. அதற்கு ஃபெட்டா என்று பெயர் வைப்பதுதான் குற்றம்.

பெயர் குழப்பம் இதோடு நிற்கவில்லை. மெடிட்டரேனியன், அதாவது மத்தியதரை, என்பது ஒரு சமையலின் பெயர் அல்ல. மத்தியதரை உணவுமுறையை யுனெஸ்கோ 2010-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ஸ்பெயின், கிரேக்கம், இத்தாலி, மொராக்கோ என நான்கு நாடுகள் இருந்தன. 2013-ல் சைப்ரஸ், குரோஷியா, போர்ச்சுகல் சேர்ந்தன. போர்ச்சுகலுக்கு மத்தியதரைக் கடலில் கரையே கிடையாது. அவ்வளவு அகலமான சொல்லை வாசலில் எழுதிவிட்டு, உள்ளே 'பூண்டு சாஸ்' என்று மட்டும் அச்சிட்டால் எப்படி? லெபனானின் தூம் பூண்டும் எண்ணெயும் சேர்த்து அடித்த வெள்ளை நுரைபோன்றது, முட்டை கிடையாது. பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் செய்யும் அயோலி என்ற பூண்டு சாஸில் முட்டை மஞ்சள்கரு சேர்க்கும் வழக்கம் உண்டு. உங்கள் கிளைகள் இரண்டையும் ஒரே பெயரில் மாற்றி மாற்றித் தருகின்றன. தயிர்க் கிண்ணமும் அப்படியே: கிரேக்கத்தின் சட்சிகி கெட்டியாக இருக்க வேண்டும், துருக்கியின் ஜஜிக் நீர்க்க இருக்கலாம். எதைச் செய்திருக்கிறீர்கள் என்று எழுதிவிட்டால் 'தண்ணீராக இருக்கிறது' என்ற புகாரில் பாதி அன்றே நின்றுவிடும்.

இதுவரை சொன்னவை வயிற்றோடும் நாக்கோடும் முடிந்துவிடும். எள் விஷயம் அப்படியல்ல. ஸாதர் என்ற மூலிகைக் கலவை தூவிய ரொட்டியில் எள் உண்டா என்று ஒரே மாலையில் இரண்டு பரிமாறுநர்களைக் கேட்டோம். ஒருவர் உண்டு என்றார், இன்னொருவர் அது வெறும் மூலிகை என்றார். ஸாதர் கலவையில் வறுத்த எள் வழக்கமாகவே சேரும். ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் ஒன்று. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் அது 9-வது முக்கிய ஒவ்வாமைப் பொருள். எள் ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சே அடைத்துப்போகலாம். தஹினி, ஸாதர், டுக்கா என்ற கொட்டைப்பருப்புக் கலவை, சில ரொட்டிகள் என உங்கள் சமையலறையில் எள் நுழையும் வழிகள் பல. கேள்வி கேட்டால் யூகித்துப் பதில் சொல்லக் கூடாது என்பதைப் பரிமாறுநர் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு உணவுக்கும் எள், முட்டை, பால், கொட்டைப்பருப்பு விவரம் எழுதிய தாள் சமையலறை வாசலில் இருக்க வேண்டும், சாஸை மாற்றும் நாளில் அந்தத் தாளும் மாற வேண்டும்.

எங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், அடுத்த முறைக்கு இலவச இனிப்பும் வேண்டாம். கிளைதோறும் நீரின் கடினத்தன்மையைச் சோதித்தீர்களா, ஹம்முஸ் எந்த வேளையில் அரைக்கப்படுகிறது, மீன் பண்ணையா கடலா, வெள்ளை சீஸ் எந்தப் பாலில் செய்தது, பூண்டு சாஸில் முட்டை உண்டா, இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு நீங்கள் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். எள் பற்றிய தாளுக்கு மட்டும் அந்த அவகாசம் கிடையாது. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே அது எல்லாக் கிளைகளிலும் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரே மேசையில் சாப்பிட்ட நான்கு வாடிக்கையாளர்கள்