டி.டி.எஸ். மீட்டர் சொல்லாத சேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநீரில் கலந்திருக்கும் ‘அழியா ரசாயனங்கள்’ பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்கள் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் நாங்கள் என்ன செய்ய முடியும்? அதற்கு இரண்டு பதில்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பது ஒன்று. ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் கவலையே வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவது, இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் திருகு எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் திருகைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிஃபாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இவை தனியொரு பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கொண்ட குடும்பம். ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர் ஊறாத துணி, எண்ணெய் கசியாத பொட்டலக் காகிதம், எரிபொருள் தீயை அணைக்கும் நுரை எனப் பல வழிகளில் மண்ணுக்கும் நீருக்கும் வந்து சேர்ந்தவை. கார்பனும் ஃபுளோரினும் கைகோத்த சங்கிலிதான் இவற்றின் உடல். கரிம வேதியியலில் அதைவிட வலுவான ஒற்றைப் பிணைப்பு கிடையாது. வெயிலோ நுண்ணுயிரோ குளோரினோ அதை அறுப்பதில்லை. இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படும் பி.எஃப்.ஓ.ஏ. உடலுக்குள் போய்விட்டால் பாதியாகக் குறையவே இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் பி.எஃப்.ஓ.ஏ., அதே குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நூறு கோடி லிட்டர் தண்ணீரில் 4 கிராம் கலந்தால் வரும் அளவு அது. ஐரோப்பிய ஒன்றியம் 20 சேர்மங்களைக் கூட்டி 100 நானோகிராம் என்று வைத்திருக்கிறது. இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் நாக்கு, மூக்கு, கண் எதுவும் இங்கே உதவாது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் உதவாது. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

கொதிக்க வைப்பதை முதலில் முடித்துவிடலாம். நீராவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. இந்த ரசாயனங்கள் பாத்திரத்திலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 40 நானோகிராம் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி 8 லிட்டராக வற்ற வைத்தால், மிஞ்சும் தண்ணீரில் லிட்டருக்கு 50 இருக்கும். கிருமிக்காகக் காய்ச்சுவது நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் முதலில் வடிகட்டி, பிறகு காய்ச்ச வேண்டும். புற ஊதா விளக்கு, படிகாரம், வண்டல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் எதுவும் இவற்றைப் பிடிக்காது, ஏனென்றால் இவை மிதக்கும் தூசியல்ல, கரைந்திருப்பவை. கடினநீரை மென்மையாக்கும் உப்பு இயந்திரமும் பிடிக்காது. அதிலுள்ள ரெசின் எனும் பிசின் மணிகள் நேர்மின் அயனிகளைப் பிடிப்பவை. பி.எஃப்.ஓ.ஏ.வும் பி.எஃப்.ஓ.எஸ்.ஸும் தண்ணீரில் எதிர்மின் அயனிகளாக நிற்கின்றன. எதிர்மின் அயனிகளைப் பிடிக்கவென்றே செய்யப்பட்ட ரெசின் வேறு. அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வீட்டில் உப்புநீர் விட்டுப் புதுப்பிக்க முடியாது, தீர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஆக, வீட்டளவில் நம்பத்தக்கவை அந்த ரெசின், கார்பன், ஆர்.ஓ. மூன்றும்தான்.

கார்பன் வடிகட்டி இவற்றைச் சல்லடைபோல் தடுப்பதில்லை, தன் நுண்துளைப் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஒட்டுவதற்கு நேரம் வேண்டும், இடமும் வேண்டும். குருணைக் கார்பன் நிரப்பிய மெல்லிய குழாயில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் தனக்கொரு வாய்க்கால் அமைத்துக்கொண்டு, பாதிக் குருணையைத் தொடாமலே வெளியேறிவிடும். தூளை அழுத்திக் கட்டியாக்கிய கார்பன் பிளாக் இந்த விஷயத்தில் மேல். அதிலும் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று குறிக்கப்பட்ட வடிகட்டியில் 4 லிட்டர் வேகத்தில் பிடித்தால், தண்ணீர் கார்பனோடு இருக்கும் நேரம் பாதியாகிவிடும். ஒழுக்கு மெதுவாக இருக்கிறதே என்று உள்ளிருக்கும் வேகத்தடை வளையத்தைக் கழற்றி வீசுவது வடிகட்டியையே கழற்றி வீசுவது போல. சுடுநீரையும் இதன் வழியே விடக்கூடாது, ஒட்டியது விட்டுப் போகும்.

எட்டுக் கார்பன் அணு நீளமுள்ள பி.எஃப்.ஓ.ஏ.வும் பி.எஃப்.ஓ.எஸ்.ஸும் கார்பன் வடிகட்டியில் நன்றாக ஒட்டும். நான்கு கார்பன் மட்டுமே உள்ள பி.எஃப்.பி.ஏ. போன்ற குட்டைச் சங்கிலிகள் சீக்கிரமே நழுவிவிடும். வடிகட்டி நிறைய நிறைய, நீளமானவை இடம் கேட்டுக் குட்டையானவற்றைத் தள்ளிவிடும். அப்போது உள்ளே போகும் தண்ணீரில் இருப்பதைவிட வெளியே வரும் தண்ணீரில் குட்டைச் சங்கிலிகள் கூடுதலாக இருக்கலாம். நடைமுறையில் நிகழ்வதுதான் இது. அமெரிக்காவின் டியூக், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடுகளில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த வடிகட்டிகளைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்.ஓ.வும் இரட்டைநிலை வடிகட்டிகளும் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீக்கின. கார்பன் வடிகட்டிகள் சராசரியாக 73 சதவீதம் நீக்கின, ஆனால் வீட்டுக்கு வீடு பெருத்த வேறுபாடு. முழு வீட்டுக்குமாகப் பொருத்தியிருந்தவற்றில் சில, அளவைக் கூட்டியே அனுப்பின.

எனவே கார்பன் வைத்திருப்பவர்கள் மாதக் கணக்கை மறந்து லிட்டர் கணக்கைப் பிடிக்க வேண்டும். 150 லிட்டருக்கு என்று குறிக்கப்பட்ட ஜாடி வடிகட்டியில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 10 லிட்டர் எடுத்தால், அதன் ஆயுள் பதினைந்தே நாள். ‘இரண்டு மாதம்’ என்று அட்டையில் இருப்பது குறைவாகப் புழங்கும் வீட்டுக்கு எழுதியது. ஜாடியை நிரப்பும்போதெல்லாம் பக்கத்தில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போட்டு வந்தால் போதும். குளோரின் வாடை இன்னும் வரவில்லை, அதனால் வடிகட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். குளோரினை நீக்கும் திறன் கார்பனில் வெகுகாலம் நீடிக்கும். அழியா ரசாயனங்களுக்கான இடம் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தரச்சான்று அமைப்பின் தரநிலை 42 என்றால் சுவை, வாடை, குளோரின் மட்டும். கார்பன் வடிகட்டிக்குத் தரநிலை 53, ஆர்.ஓ.வுக்கு 58. அதுவும் போதாது. 53 என்பது ஈயத்தை நீக்குவதற்காக மட்டும் வாங்கிய சான்றாகவும் இருக்கலாம். எந்தெந்தப் பொருளுக்குச் சான்று என்ற பட்டியலில் பிஃபாஸ் என்ற பெயர் இருக்க வேண்டும். ‘தரநிலைக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது’ என்ற வாசகம் சான்று ஆகாது.

இனி ஆர்.ஓ. அதன் உள்ளிருக்கும் மெம்பிரேன் என்ற நுண்சவ்வு நல்ல நிலையில் இருந்தால் இவற்றில் 90 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 95-க்கு மேல் தடுத்துவிடும். குட்டைச் சங்கிலிகளுக்கும் கார்பனைவிட இதுவே மேல். ஆனால் பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்றொரு சிறு வால்வு இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் மிகவும் குறைந்து சப்பென்று இருப்பதால், மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் அதில் கலப்பதற்கான வால்வு அது. கலக்கும் தண்ணீர் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வழியாக வந்தாலும், அழியா ரசாயனங்களைப் பொறுத்தவரை அது பச்சைத் தண்ணீர்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ். 500, பி.எஃப்.ஓ.ஏ. லிட்டருக்கு 50 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மெம்பிரேன் இரண்டிலும் 95 சதவீதம் நீக்குகிறது. டி.டி.எஸ். 25, பி.எஃப்.ஓ.ஏ. 2.5 ஆகிவிட்டன. 4 என்ற வரம்புக்குள் வந்தாயிற்று. இப்போது சுவைக்காக டி.டி.எஸ்.ஸை 100-க்கு உயர்த்தித் திருகை வைக்கிறார் பழுதுபார்ப்பவர். அதற்குச் சுமார் 16 சதவீதம் பச்சைத் தண்ணீர் கலந்தாக வேண்டும். கலந்த தண்ணீரில் பி.எஃப்.ஓ.ஏ. 10 நானோகிராம். வரம்பைப் போல இரண்டரை மடங்கு. மெம்பிரேன் புத்தம் புதிது, மீட்டரில் 100, சுவையும் நன்றாக இருக்கிறது. வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

இந்தத் திருகை முழுவதுமாக மூடச் சொல்லுங்கள். மூடியபின் தொட்டியைக் காலி செய்து, புதிதாக நிரம்பும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். அந்தத் தண்ணீரில் வரக்கூடிய மிகக் குறைந்த எண்ணுக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். சில வால்வுகள் மூடினாலும் கசியும். அப்படியானால் அந்தக் கலப்புக் குழாயைக் கழற்றி, இருமுனையிலும் அடைப்பான் போட்டுவிடுவதே சரி. தாதுக்களும் சுவையும் வேண்டுமென்றால் மெம்பிரேனுக்குப் பிறகு கால்சியம் கார்பனேட் நிரப்பிய மினரல் கார்ட்ரிட்ஜ் பொருத்தலாம். அது தூய நீரில் தாதுவைச் சேர்க்கும், கழிவைச் சேர்க்காது.

டி.டி.எஸ். மீட்டர் அளப்பது கரைந்த உப்புகளை. அது காட்டக்கூடிய மிகச் சிறிய எண்ணான 1 என்பதே லிட்டருக்குப் பத்து லட்சம் நானோகிராம். நாம் தேடுவதோ 4. ஆனாலும் மெம்பிரேனின் உடல்நலம் பார்க்க அது நல்ல கருவி. உள்ளே 400, வெளியே 30 என்றால் 92.5 சதவீதத் தடுப்பு, நல்ல நிலை. 80 என்று வந்தால் தடுப்பு 80 சதவீதம்தான், மாற்றும் வேளை வந்துவிட்டது. மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்கு முன்னால் அளக்க வேண்டும். இரவு முழுவதும் சும்மா கிடந்த இயந்திரத்தின் முதல் தம்ளரில் எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதைக் கொட்டிவிடுங்கள். மெல்ல மெல்ல ஏறினால் மெம்பிரேன் தேய்கிறது என்று பொருள். கார்ட்ரிட்ஜ் மாற்றிய மறுநாளே சட்டென்று ஏறினால் மெம்பிரேனைக் குறை சொல்லாதீர்கள். அதன் நடுக்குழாய் நுனியில் இரண்டு சிறு ரப்பர் ஓ-ரிங்குகள் இருக்கும். அவற்றில் ஒன்று முறுக்கிக்கொண்டாலோ வெட்டுப்பட்டாலோ, பச்சைத் தண்ணீர் நேராகக் குடிநீர்க் குழாயில் நுழைந்துவிடும். தண்ணீரில் நனைத்து, இரண்டு வளையங்களும் உள்ளே அமரும்வரை நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். வழுக்குவதற்காகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் சில ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

மெம்பிரேனுக்கு முன்னாலுள்ள கார்பன் கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டால் குளோரின் உள்ளே போய் மெம்பிரேனை அரிக்கும். ஆர்.ஓ. பழுதாவதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம்.

உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது ஆய்வகம் மட்டுமே. மாதிரி எடுக்கும் விதத்திலேயே முடிவு கெட்டுப்போகும். ஆய்வகம் தரும் பாலிப்ரொப்பிலீன் புட்டியில்தான் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் சில சேர்மங்கள் ஒட்டிக்கொள்ளும். புட்டிக்குள் முன்கூட்டியே போட்டிருக்கும் பொடி குளோரினைச் செயலிழக்கச் செய்வதற்காக, அலம்பிவிடாதீர்கள். பிடிப்பதற்கு முன் கையைக் கழுவுங்கள். நீர் ஒட்டாத மேலங்கி, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் ஆகியவை பக்கத்தில் வேண்டாம், அவையே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து உடனே அனுப்பிவிடுங்கள். வடிகட்டிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு மாதிரி வேண்டும். வடிகட்டி புதிதாக இருக்கும்போது சோதிப்பதில் பயனில்லை. மாற்றுவதற்கு முந்தைய வாரம் சோதித்தால்தான் அதன் ஆயுள் கணக்கு சரியா என்று தெரியும்.

குளியலுக்கும் துணிக்கும் வடிகட்டத் தேவையில்லை, தோல் வழியே போவது மிகக் குறைவு. குடிக்கும், சமைக்கும், குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டு வாயிலிலேயே பெரிய கார்பன் தொட்டி வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குளோரின் இல்லாமல் போவதால் உட்குழாய்களில் கிருமி வளர்வதுதான் மிச்சம். ஆர்.ஓ. கழிவுநீரில் இந்த ரசாயனங்கள் செறிந்திருக்கும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் எடுத்துக்கொள்ளலாம். கீரை, காய்கறிப் பாத்திகளுக்கு விட வேண்டாம், குட்டைச் சங்கிலிகளை இலைகள் எளிதாக உறிஞ்சும். தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது வீண் வேலை. பிடித்ததெல்லாம் அதிலேயே இருக்கிறது. பையில் கட்டி, உங்கள் ஊர்க் குப்பை விதிப்படி அகற்றுங்கள்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். குடிநீர்ச் சோதனை முடிவுகளை வெளியிடும்போது ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் அச்சிடாதீர்கள். எந்தெந்தச் சேர்மங்களைத் தேடினார்கள், எத்தனை நானோகிராமுக்குக் கீழே அவர்களுடைய கருவியால் சொல்ல முடியாது என்ற இரண்டையும் சேர்த்தே அச்சிடுங்கள். 20-க்குக் கீழே பார்க்க முடியாத ஆய்வகம் ‘இல்லை’ என்று சொன்னால், அந்தத் தண்ணீரில் 19 இருக்கவும் கூடும்.

இப்படிக்கு,
நீர்ப் பகுப்பாய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்