சொல்வதெழுதல் வகுப்புக்கு முன்னால் ஒரு கதை

ஆஸ்திரேலியத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மெல்பர்னில் இரண்டு பிள்ளைகளை உங்களிடம் அனுப்பும் தாய் நான். வார ஓய்வையும் விட்டுக்கொடுத்து அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் உங்களுக்கு முதலில் நன்றி.

போன ஞாயிறு மகளைக் கூட்டிப்போகக் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டேன். சொல்வதெழுதல் நடந்துகொண்டிருந்தது. 'கிழங்கு' என்றதும் ழவா ளவா என்று தெரியாமல், பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி ஆசிரியையின் வாயையே பார்த்தாள். அவர் நாக்கை மடித்து அதே சொல்லை இன்னொருமுறை நிதானமாகச் சொன்னார். எழுதிவிட்டாள்.

இதே நாட்டில், இதே சொல்வதெழுதலை வைத்துத்தான் நம்மைப் போன்றவர்களைத் துறைமுகத்திலேயே தடுத்தார்கள். 1901-ல் வந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அந்தத் தேர்வைப் பற்றிய பிரிவில் நிறம், இனம் என்ற பேச்சே கிடையாது. அதிகாரி ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும், அவ்வளவுதான். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரா? சரி, அவருக்கு வேறு மொழி. 1909-க்குப் பிறகு இந்தத் தேர்வில் ஒருவர்கூடத் தேறவில்லை. வேண்டாத வெள்ளையரைத் தடுக்கவும் இது பயன்பட்டது. நாஜிகளை எதிர்த்த எழுத்தாளர் எகோன் கிஷ் 1934-ல் வந்தபோது, பல மொழி அறிந்த அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இந்த யோசனை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வந்தது. மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு இறக்கிக்கொண்டே, சொந்தக் காசில் வரும் இந்தியர்களை நிறுத்த 1897-ல் அங்கே மொழியைக் காட்டிச் சட்டம் போட்டார்கள். இனத்தைச் சொல்லாமல் அதே மாதிரி செய்யுங்கள் என்று லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அரசும் ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது.

என்னால் மறக்க முடியாதது இன்னொன்று. இங்கேயே வாழ்ந்த இந்தியர், சீனர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால், இந்தத் தேர்விலிருந்து விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இன்னும் இருக்கின்றன. முன்பக்கம் நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த முகப்படம். பின்பக்கம் கறுப்பு மையில் விரல் விரித்த உள்ளங்கை, ரேகைகள்கூடத் தெரியும். குற்றவாளிக்குச் செய்வதை, ஊர் ஊராகத் துணி விற்றுப் பிழைத்த மனிதருக்குச் செய்திருக்கிறார்கள்.

தேர்வை 1958-ல்தான் எடுத்தார்கள். வெள்ளையரல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையின் மிச்சம் 1973-ல் போனது. நம்மில் அநேகம் பேர் அதற்குப் பிறகு வந்தவர்கள். அப்படியிருந்தும், உங்கள் பள்ளிகளின் கார் நிறுத்துமிடத்திலேயே, "இங்கிலீஷ் வராதவர்களை எல்லாம் எதற்கு உள்ளே விடுகிறார்கள்?" என்று நம் ஆட்களே கேட்பதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

அடுத்த தவணையில் ஒரு வகுப்பை இதற்காக ஒதுக்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத கதை இல்லை இது. சான்றிதழ்ப் படங்களை நானே அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தங்கள் கையை வைத்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஒரு தாய், மெல்பர்ன்