வேலைக்குப் போகிறவர் வீட்டு நாய்க்குப் பகல் எப்படிக் கழிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் நாய் வளர்ப்பதே பாவம் என்கிறார்கள் சிலர். பூட்டிவிட்டுப் போனால் அது பாட்டுக்குத் தூங்கும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. வளர்ந்த, ஆரோக்கியமான நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் வரை தூங்கும். வீட்டில் ஆள் இருந்தாலும் பகலில் பெரும்பாலும் படுத்தேதான் கிடக்கும். ஆனால் நிம்மதியாகப் படுக்க வேண்டுமானால், நாம் கிளம்புவதற்குள் அதன் தேவைகள் தீர்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் கோளாறு தொடங்குவது இங்கேதான்.

காலை நடையை எடுத்துக்கொள்வோம். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நாய் ஒன்றுக்குப் போனதும் திரும்பிவிடுவது நடை ஆகாது. மோப்பம் பிடிப்பதுதான் நாய்க்கு முழு மனத்தோடு செய்யும் வேலை. மார்புப் பட்டையில் 2 அல்லது 3 மீட்டர் நீளக் கயிற்றை மாட்டி, அது நிற்கும் இடத்தில் நின்று, முகரும் வரை காத்திருந்து அரை மணி நேரம் நடந்தால், வேகமாக இழுத்துப்போகும் ஒரு மணி நேரத்தைவிட அதிகப் பலன் கிடைக்கும். பந்தை ஓயாமல் எறிந்து ஓட வைத்தால் உடல் களைக்கும், மனம் மட்டும் முறுக்கேறியே நிற்கும். கிளம்பும் வேளையில் அந்த ஆட்டம் வேண்டாம்.

நடை முடிந்து ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் உணவு தர வேண்டும். மார்புக்கூடு ஆழமாக உள்ள பெரிய இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது என்பதால் இந்த முன்னெச்சரிக்கை அவசியம்.

காலை உணவைத் தட்டில் கொட்டினால் இரண்டே நிமிடத்தில் காலியாகிவிடும். அதையே உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மையில் அடைத்து, வாசலைத் தாண்டும்போது கொடுத்தால் நக்கியும் மென்றும் வெகுநேரம் அதிலேயே ஈடுபட்டிருக்கும். முதல் சில நாள் உலர் உணவைத் தளர்வாகப் போட்டு, உருட்டினாலே விழும்படி வைக்க வேண்டும். பழகிய பிறகு தண்ணீரில் ஊறவைத்து அழுத்தி நிரப்பலாம். அதன்பின் அதை இரவே ஃபிரீசரில் வைத்து உறைய விடலாம். எடுத்த எடுப்பிலேயே உறைந்ததைக் கொடுத்தால் நாய் சலித்து ஒதுங்கிவிடும். 'என் நாய்க்குப் பொம்மை பிடிக்காது' என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். பொம்மை நாயின் வாய்க்குள் முழுதாக அடங்காத அளவில் இருக்க வேண்டும். இரு பக்கமும் துளை கட்டாயம். ஒரே துளை இருந்தால் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளும். அடைக்கும் உணவை அன்றைய அளவிலிருந்து கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எடை ஏறிவிடும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கப்படவில்லை என்பதை உறைமேல் படித்துப் பார்க்க வேண்டும். அது நாய்க்குக் கடும் நஞ்சு. எலும்பு, கயிற்று முடிச்சு, கீச்சிடும் பொம்மை ஆகியவற்றை ஆள் இல்லாதபோது தரவே கூடாது. விழுங்கிய நூலும் துண்டும் குடலை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது நடுப்பகல். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. வளர்ந்த நாயால் எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்க முடியும் என்பதற்காகத் தினமும் அடக்க வைப்பது நியாயமல்ல. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் யாராவது வந்து ஒருமுறை வெளியே கூட்டிப்போக வேண்டும்: உறவினர், பக்கத்து வீட்டார், கூலிக்கு நடத்துபவர், யாராக இருந்தாலும் சரி. அவர் முதன்முறை வருவது நாய் தனியாக இருக்கும் நாளாக இருக்கக் கூடாது. அதற்கு முன் இரண்டு மூன்று தடவை நாம் இருக்கும்போதே வந்து பழகட்டும். கழுத்துப் பட்டையை எப்படி மாட்டுவது, கதவை எந்த அளவு திறப்பது, மருத்துவர் எண் எங்கே இருக்கிறது என்பதை எழுதியே வைத்துவிடலாம். பழக்கமில்லாத ஆள் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் நாய்கள் நழுவி ஓடுகின்றன.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ கட்டிப்போட்டுவிட்டுப் போகக் கூடாது. நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே அடைத்த அறையில் ஓடும் மின்விசிறி நமக்கு உதவும் அளவுக்கு அதற்கு உதவாது. சப்பை மூக்கு இனங்கள் இன்னும் சீக்கிரம் துவண்டுவிடும். பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு அரை லிட்டருக்குமேல் தண்ணீர் தேவை, வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. கவிழாத கனமான கிண்ணங்கள் இரண்டை வெவ்வேறு இடத்தில் வைப்பது நல்லது. ஜன்னல் வழியே போகிறவர் வருகிறவரைப் பார்த்து நாள் முழுதும் குரைக்கும் நாய்க்கு அந்த ஜன்னல் பொழுதுபோக்கு அல்ல, ஓயாத பதற்றம். கீழ்ப்பாதிக் கண்ணாடியை மறைத்துவிட்டால் போதும்.

இவ்வளவும் செய்தும் நாய் கதவைப் பிராண்டினால், ஊளையிட்டால், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தால் தண்டிக்கும் முன் ஒரு பழைய செல்போனை வைத்துப் பதிவு செய்து பாருங்கள். முக்கியமானது முதல் அரை மணி நேரம். சலிப்பில் கடிக்கும் நாய் முதலில் படுத்திருந்துவிட்டுப் பிறகு எழுந்து கையில் கிடைத்ததைக் கடிக்கும். தனிமைக்கு அஞ்சும் நாயோ நாம் போனதுமே மூச்சிரைக்கும், எச்சில் வடிக்கும், நாம் போன வாசலையே சுற்றும். உணவு அடைத்த பொம்மையைத் தொடக்கூடச் செய்யாது. நாம் திரும்பி வந்தபிறகுதான் தின்னத் தொடங்கும். அது சலிப்பல்ல, அச்சம் என்று அறிய இந்த ஒரு அடையாளமே பல நேரம் போதும். பழிவாங்கச் செருப்பைக் கடித்தது என்பது நம் கற்பனை. குற்ற உணர்வு என்று நாம் நினைக்கும் அந்தக் குனிந்த தலை நம் கோபத்தைப் பார்த்து எழும் அச்சம்தான். வந்ததும் அடித்தால் மறுநாள் பிரிவுக்கும் அஞ்சும், நம் வருகைக்கும் அஞ்சும்.

அச்சத்துக்குப் பயிற்சிதான் வழி. சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது போன்றவற்றைச் செய்துவிட்டு வெளியே போகாமல் மறுபடி உட்கார்ந்துகொள்ள வேண்டும். சாவிச் சத்தம் கேட்டாலே பதறும் பழக்கம் அதில் கரையும். அடுத்து கதவைச் சாத்தி 5 வினாடி, பிறகு 10, பிறகு 30, ஒரு நிமிடம் என்று, நாய் அமைதியாக இருக்கும் எல்லைக்குள்ளேயே நீட்டிக்கொண்டு போக வேண்டும். பதறினால் முந்தைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு முதல் அரை மணி நேரத்தைக் கடப்பதுதான் கடினம். அதைத் தாண்டினால் பெரிய தாவல்களாகவே கூட்டலாம். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை முழு நாள் தனியே விட்டால் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். அந்தக் காலத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் தொடங்காதீர்கள். கூண்டில் அடைப்பது இதற்குத் தீர்வாகாது, அஞ்சிய நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் பெரும்பாலும் பலிப்பதில்லை, ஏனெனில் அஞ்சும் நாய் தேடுவது மனிதரை. கடுமையான நிலையில் கால்நடை மருத்துவர் ஃபுளுவாக்செட்டின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளைத் தரலாம். அவை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியும் உடன் நடக்க வேண்டும். மனிதருக்கான மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது.

மாலையில் வந்ததும் முதல் வேலை வெளியே கூட்டிப்போவது. செல்போனும் தொலைக்காட்சியும் அப்புறம்.

புதிதாக நாய் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. குட்டியால் வயது மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் சிறுநீரை அடக்க முடியும், அதுவும் மேல்வரம்பு. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம்; நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவும் வேண்டும். பகலில் ஆள் ஏற்பாடு செய்ய முடியாதவர்கள் குட்டியைத் தேடாமல், இரண்டு மூன்று வயதான, தனியே இருந்து பழகிய நாயைக் கேட்டுத் தத்தெடுக்கலாம். அதற்காக ஒரு வாரம் விடுப்பு எடுப்பவர்கள் வாரம் முழுதும் அதன் கூடவே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் நாளிலிருந்தே சில நிமிடம் வெளியே போய்வர வேண்டும். எட்டாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது அதற்கு அது புதிதாக இருக்காது.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர் ஒருவர்