இந்த வாரம் ரொமான்டிக் காமெடி மட்டும்தான்

மக்களே, தொடர்ந்து த்ரில்லரா பாத்து பாதி பேரு தூக்கம் போச்சுன்னு புலம்புறதால இந்த வாரம் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு பாக்குற மாதிரி ஜாலியான காதல் படம் மட்டும்தான்.

முதல்ல 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்', 1934ல வந்தது. கருப்பு வெள்ளையான்னு ஓடாதீங்க, படம், டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதைன்னு அஞ்சு பெரிய ஆஸ்காரையும் ஒண்ணா அள்ளின முதல் படமே இதுதான், அதுவும் ஒரு காமெடி படம், படத்துல ஒண்ணா பயணம் போற ஜோடி வழி பூரா முட்டிக்கிட்டே போறத பாத்தா இன்னிக்கு வர்ற பாதி ரொமான்டிக் காமெடி எங்கருந்து வந்துச்சுன்னு புரிஞ்சிரும்.

அடுத்து 1989ல வந்த 'வென் ஹாரி மெட் சாலி', கத பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க அவ்ளோதான், ஆனா நடுநடுவுல வயசான ஜோடிங்க சோபால உக்காந்து நாங்க எப்படி சேர்ந்தோம்னு சொல்ற இடமெல்லாம் செம க்யூட்.

'ரோமன் ஹாலிடே' எங்கன்னு கேக்காதீங்க, அருமையான படம்தான், கடைசில மனசு கனத்துரும், இந்த வாரம் அது வேணாம்.

பாத்தவங்க தயவுசெஞ்சு க்ளைமாக்ஸ சொல்லிராதீங்க. திருட்டு லிங்க் போட்டா உடனே டெலிட். வேற படம் வேணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு போடுங்க, ஓட்டெடுப்பு வெச்சுரலாம்.