வாஷிங்டன் உயிலில் ஒரு வில்லங்கம்

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் வர்ஜீனியாப் பண்ணையான மவுண்ட் வெர்னானில் நீயும் மாப்பிள்ளையும் எடுத்த படங்கள் கிடைத்தன. மாளிகையும் ஆற்றங்கரையும் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டன. "சாகும்போதாவது அடிமைகளை விடுதலை செய்தாரே, வாஷிங்டன் பெரிய மனிதர்தான் அப்பா" என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். ஆனால் பத்திரம் எழுதி உன்னைப் படிக்கவைத்தவன் நான். உயில் என்று வந்துவிட்டால் சொத்து விவரத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மனம் வராது.

அந்தச் சொத்தின் வில்லங்கம் 1757-இல் தொடங்குகிறது. வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் உயில் எழுதாமலே இறந்துபோனார். 17,500 ஏக்கருக்கு மேல் நிலம், ஏறக்குறைய 300 அடிமைகள், இரண்டு மைனர் பிள்ளைகள். வர்ஜீனியாவின் அன்றைய சட்டப்படி, நிலத்திலும் அடிமைகளிலும் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் ஆயுள் பரியந்தம் அனுபவிக்க மட்டுமே. நம் பத்திர நடையில் சொன்னால், யாதொரு பராதீனமும் செய்ய அதிகாரமில்லை; அதாவது விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ முடியாது. அவர் காலத்துக்குப் பின் எல்லாம் கஸ்டிஸ் வாரிசுகளையே சேர வேண்டும். அந்தப் பங்கில் 84 மனிதர்கள் இருந்தார்கள். 1759-இல் மார்த்தாவை மணந்தபோது அவர்களை அனுபவிக்கும் பாத்தியதை வாஷிங்டன் கைக்கு வந்தது.

1799-இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அவர் தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதினார். பெயர், வயது, வேலை, கணவன் அல்லது மனைவி யார், எங்கே இருக்கிறார் என்றெல்லாம் குறிப்பு. தனக்குச் சொந்தமானவர்கள் ஒரு பத்தியில், மனைவி வழியில் வந்தவர்கள் இன்னொரு பத்தியில். ஒழுங்கான கணக்குப்பிள்ளை வேலைதான், குறை சொல்வதற்கில்லை. மவுண்ட் வெர்னானில் அப்போது இருந்தவர்கள் 317 பேர்; அவருக்குச் சொந்தம் 123, கஸ்டிஸ் பங்கு 153, மீதி பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவர்கள். 84 எப்படி 153 ஆயிற்று? தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் போட்டிருந்தது. பிறந்த குழந்தைகளெல்லாம் வட்டி அசலோடு ஏறுவதுபோல் அந்தப் பங்கில் ஏறிக்கொண்டே வந்தார்கள்.

உயில் விடுவித்தது அந்த 123 பேரைத்தான். சமையல்காரர் ஹெர்குலிஸ் வாஷிங்டன் பத்தி. அவர் மனைவி ஆலிஸ் கஸ்டிஸ் பங்கு. 1797 பிப்ரவரியில் ஹெர்குலிஸ் தப்பிப் போய்விட்டார். பிறகு அங்கே வந்த ஒரு பிரெஞ்சு விருந்தாளியின் பணியாள் ஹெர்குலிஸின் சின்ன மகளிடம், இனி அப்பாவைப் பார்க்க முடியாதே, வருத்தமில்லையா என்று கேட்டாராம். சந்தோஷம்தான் ஐயா, அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறாரே என்றாளாம் அவள். 1801-இல் தகப்பனுக்குச் சட்டப்படியும் விடுதலை வந்தது. மகளுக்கு வரவில்லை, அவள் தாய் வழிச் சொத்து.

உயிலின் வாசகமும் எனக்குச் சரிப்படவில்லை. வாஷிங்டனின் சொந்தப் பணியாள் வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனே விடுதலை, ஆண்டுக்கு 30 டாலரோடு. மற்றவர்களுக்கு மார்த்தா இறந்த பிறகு. கட்டிய மனைவியின் சாவுக்காக 120 பேருக்கு மேல் காத்திருக்கும்படி ஒருவர் எழுதுவாரா? என்னிடம் வந்திருந்தால் பேனாவை மூடிவைத்திருப்பேன். அவர்கள் நடுவே தன் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று மார்த்தா நினைத்ததாக, அப்போதைய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1 அன்றே மார்த்தா அவர்களை விடுவித்துவிட்டார். அதைக் கருணை என்று வரவு வைப்பவர்களும் உண்டு.

1802 மே மாதம் அவர் இறந்ததும் கஸ்டிஸ் பங்குக்குப் பாகப்பிரிவினை. நான்கு பேரப்பிள்ளைகளுக்கு நான்கு பங்காக மனிதர்கள் பிரிந்து போனார்கள். அந்தப் பங்கைச் சேர்ந்த, மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் மட்டும் முந்திக்கொண்டார். பேத்தி எலைசாவுக்குத் தன்னைக் கல்யாணச் சீராகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796-இல் பிலடெல்பியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்தார். அங்கே அவர் பெற்ற பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் கஸ்டிஸ் சொத்துதான்.

சட்டம் கையைக் கட்டிப்போட்டது, அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று மாப்பிள்ளை வாதாடுவார். அவரிடம் இதைச் சொல். 1782-க்குப் பிறகு வர்ஜீனியாவில் தன் சொந்த அடிமையை விடுவிக்க யாருக்கும் தடையில்லை. வாரிசுகளின் பின்னுரிமை ஏதுமில்லாமல் மார்த்தா தன் பெயரில் விலைக்கு வாங்கிய ஒருவர் இருந்தார், எலிஷ் என்று. இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1802 மார்ச்சில், தன் உயிலில் ஒரு பிற்சேர்க்கை சேர்த்து அவரைப் பேரனுக்கு எழுதிவைத்தார்.

அன்புடன்,
அப்பா