குழாயடிக்கு என்னை இழுத்துப்போன அக்காவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆறாம் மாதப் பரிசோதனை முடிவு நேற்று மாலை வந்தது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எதுவும் எனக்கு இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்று பள்ளிப் படிக்கட்டில் அடிபட்ட பையனைத் தூக்கியபோது அவன் ரத்தம் என் கையெல்லாம் பட்டது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

எங்கள் பள்ளியின் தூய்மைப் பணியாளர் அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும். பையனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ரத்தக் கையை முந்தானையில் துடைக்கப் போனேன். அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். கையில் இருந்த துணி சோப்பைத் தேய்த்துவிட்டு, குழாயை முழுதாகத் திறந்தார். முந்தின நாள் அரிவாள்மனை கிழித்த வெட்டு என் ஆள்காட்டி விரலில் இன்னும் ஆறவில்லை. அதைப் பிதுக்கப் பார்த்தேன்.

“பிதுக்காதீங்க டீச்சர், தண்ணி ஓடட்டும்.”

ஆஸ்பத்திரி வார்டில் ஒப்பந்த வேலை பார்த்தவர் அவர். சரி, நாளைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்றேன். விடவே இல்லை, அப்போதே கிளப்பிவிட்டார். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று மருத்துவர் சொன்னபோதுதான் அந்த அவசரம் புரிந்தது.

28 நாள் மாத்திரை போட்டபோது என் வகுப்புகளைப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர், பொறுமையாகப் பேசிய ஆலோசகர், பையனின் பெயரை எங்கேயும் எடுக்காத பெற்றோர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. என்னை அனுப்பிவிட்டு, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் படிக்கட்டு ரத்தத்தைத் துடைத்ததும் அக்காதான். இரண்டு கையிலும் மளிகைக் கடைப் பையைக் கட்டிக்கொண்டு துடைத்தாராம். பள்ளியில் ஒரு ஜோடி கையுறை கூட இல்லை. இத்தனை வருடம் பிள்ளைகளின் ரத்தம், வாந்தி எல்லாம் அள்ளியவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

என் இரண்டாவது ஊசிக்குப் போனபோது அவரையும் கூட்டிப்போனேன். அன்றைக்கு அவருக்கு முதல் ஊசி. இப்போது மாடிக்கு ஒரு பெட்டி கையுறை இருக்கிறது. நான் இந்தப் பள்ளியில் இருக்கும் வரை அது காலியாகாது.

அக்கா, அடுத்த மாதம் உங்களுக்கு மூன்றாவது ஊசி. தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். காலை 9 மணிக்கு வண்டியோடு வருகிறேன், கிளம்பி இருங்கள்.