தொடங்க வேண்டிய ஆண்டு 1966

ஆசிரியருக்கு,

சிரியாவும் இராக்கும் 1979-இல் ஒரே நாடாகியிருந்தால், இரு நாடுகளையும் ஆண்ட, அரபு ஒற்றுமை பேசிய பாத் கட்சி பிழைத்திருக்கும் என்கிறது ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. கற்பனை சுவைதான், தொடங்கிய ஆண்டுதான் சரியில்லை. மிஷேல் அஃப்லக்கும் சலாஹுத்தீன் பித்தாரும் 1947-இல் டமாஸ்கஸில் தொடங்கிய கட்சியை, 1966 பிப்ரவரியில் அதிலிருந்த ராணுவ அதிகாரிகளே கைப்பற்றி, நிறுவனர்களை விரட்டினார்கள். அப்புறம் சிரியாவில் ஒன்று, இராக்கில் ஒன்று என்று கட்சி பிளந்தது; மிஞ்சியது பெயர்தான். 1978 அக்டோபரில் சிரிய அதிபர் ஹாஃபிஸ் அல்-அசாதும் இராக் அதிபர் அகமது ஹசன் அல்-பக்ரும் ஒப்புக்கொண்ட இணைப்புத் திட்டம், மறு ஆண்டு ஜூலையில் சதாம் உசேன் இராக் அதிபரானதும் குலைந்தது. சரி, சதாமே இல்லையென்று வைத்துக்கொள்வோம். ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருந்திருக்கும்?

ஈரான் போர்க்காலத்தில் பாக்தாதில் ஒரு கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தேன். ‘ஒற்றுமை, விடுதலை, சோசலிசம்’ என்று கட்சியின் முழக்கம் சுவரில் எழுதியிருக்கும். அதே முழக்கத்தை டமாஸ்கஸ் வானொலி சொன்னால் போதும், எங்கள் இராக்கிய எலெக்ட்ரீஷியன் பதறிப்போய் வாசலைப் பார்த்துக்கொண்டே ரேடியோவை அணைத்துவிடுவார். தலைவர்களுக்குள் இருந்த பகை அவ்வளவு தூரம் இறங்கியிருந்தது. 1954 தேர்தலில் மக்கள் வாக்குப் பெற்று சிரிய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த கட்சி அது. சிரியாவிலும் 2025 ஜனவரியில் அது கலைக்கப்பட்டுவிட்ட இந்த நேரத்தில், ‘ராணுவம் உள்ளே வராமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்வியோடு இன்னொரு கட்டுரை வெளியிடலாமே. கூடவே ஒரு காலவரிசைப் பட்டியலும் கொடுங்கள். பெயர்களின் குழப்பம் குறையும்.

– ஒரு வாசகர், நாகர்கோவில்